வயர்லெஸ் செட்டை எரிப்பது யார்?

ரோந்து ஜீப்பிலோ தீயணைப்பு வண்டியிலோ வயர்லெஸ் செட் பழுதானால் நம் அரசுத் துறைகள் முதலில் தேடுவது ஓட்டுநரைத்தான். ‘கவனக்குறைவாகக் கையாண்ட காரணத்தால்’ என்று தொடங்கும் மெமோ அவர் கைக்கு வந்துவிடுகிறது. செட் பழுதுபார்க்கப் போகிறது, உள்ளே எரிந்ததை மாற்றுகிறார்கள், அது திரும்பி வந்து அதே வண்டியில் அதே ஒயரில் மாட்டப்படுகிறது. சில மாதங்களில் மறுபடி எரிகிறது. மறுபடி மெமோ. இந்த அநியாயத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அண்மையில் ஒரு ரோந்து ஜீப்பின் டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தோம். செட்டோடு கம்பெனி கொடுத்த தடித்த சிவப்பு, கறுப்பு ஒயர்களை ஒரு சாண் விட்டு வெட்டியிருந்தார்கள். வீட்டு விளக்குக்கு இழுக்கும் மெல்லிய ஒயரை அதில் முறுக்கிச் சேர்த்து, மேலே இன்சுலேஷன் டேப். சூட்டில் பசை விட்டு டேப் தொங்கிக்கொண்டிருந்தது. ஒயரின் மறுமுனை பேட்டரிக்கே போகவில்லை. சைரனுக்கும் சுழல் விளக்குக்கும் போகிற லைனிலேயே செட்டையும் கோத்துவிட்டிருந்தார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியின் இழைகள். அந்த ஜீப்பை ஓட்டுபவரும் மெமோ வாங்கியவர்தான்.

இப்படி மாட்டிய செட்டுக்கு என்ன நேரும் என்பதைத் துறைத் தலைவர்கள் தெரிந்துகொள்ளட்டும். வண்டியில் பொருத்தும் 45, 50 வாட் செட் சும்மா இருக்கும்போது ஒரு ஆம்பியர்கூட எடுக்காது. பேச்சு கேட்கும்போது சற்று ஏறும். மைக்கை அழுத்திப் பேசினால் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஐந்து மீட்டர் போய் ஐந்து மீட்டர் திரும்பினால், அந்த 10 ஆம்பியருக்கு ஏறக்குறைய 2 வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும். இன்ஜின் நிறுத்தியிருக்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தாலும் செட்டின் வாயில் 10.4தான் நிற்கும். அதே லைனில் சைரனும் அலறினால் அதுவும் நிற்காது. 13.8 வோல்ட்டுக்காகச் செய்த செட் 11 வோல்ட்டை ஒட்டியே தடுமாறத் தொடங்கும். அனுப்பும் சக்தி குறையும், அல்லது மைக்கை அழுத்திய நொடியில் செட் அணைந்து மறுபடி உயிர்பெறும். டிஜிட்டல் செட்டாக இருந்தால் அது மீண்டும் எழுந்து நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதில் கொடுமை, செட் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதுதான். கட்டுப்பாட்டு அறையின் குரல் தெளிவாக வரும், பேனலில் விளக்கு எரியும். எனவே செட் நன்றாக இருப்பதாகவே எல்லோரும் நம்புவார்கள். காலையில் அலுவலக வாசலில் நின்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ரிப்பீட்டருக்குப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பது எந்தக் கோளாறையும் காட்டிக்கொடுக்காது. சைரனும் விளக்கும் போட்டு, இன்ஜினை நிறுத்தி, ஆள் அரவமற்ற சாலையோரத்திலிருந்து உதவி கேட்கும்போதுதான் செட் வாயடைத்துப் போகும். எதிர்முனையில் இருப்பவர், வண்டியில் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

குறைந்த வோல்ட்டேஜ் செட்டை ஊமையாக்குகிறது என்றால், கூடுதல் வோல்ட்டேஜ் அதைக் கொன்றேவிடுகிறது. டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் நம் பணிமனைகளில் இன்னும் ஒழியவில்லை. பேட்டரி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கையில் அதைத் திடீரென்று பிரித்தால், போக வழியில்லாத மின்சாரம் வண்டியின் ஒயரிங் முழுவதும் பொங்கும். தடுப்பு எதுவும் இல்லாத 12 வோல்ட் வண்டியில் இது 79 முதல் 101 வோல்ட் வரை எழலாம் என்று வைத்துத்தான் ஐஎஸ்ஓ 16750 தர விதி கருவிகளைச் சோதிக்கச் சொல்கிறது. 24 வோல்ட் வண்டிக்கு 151 முதல் 202 வோல்ட். நீடிப்பது அரை நொடிக்கும் குறைவுதான் என்றாலும், பாதுகாப்பில்லாத செட் எரிய அது தாராளம். யாரும் கழற்றவே வேண்டாம், வெள்ளைத் தூள் பூத்துத் தளர்ந்த டெர்மினல் ஒரு பள்ளத்தில் குலுங்கினாலும் இதே கதி நேரலாம். விளக்குச் சட்டத்தை வண்டியின் கூரையில் வெல்டிங் வைக்கும்போது செட்டின் இணைப்பைப் பிரிக்காமல் விடுவதும் இதே வகைக் குற்றம். இவற்றில் எது ஓட்டுநரின் கவனக்குறைவு?

தீயணைப்பு வண்டி போன்ற கனரக வாகனங்களில் நடப்பது இன்னும் மோசம். அங்கே இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். 12 வோல்ட் செட்டுக்குத் தனியாக கன்வெர்ட்டர் வைக்கச் சோம்பி, இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருந்து ஓர் ஒயரை இழுத்துவிடுகிறார்கள். செட் வேலை செய்யும், ஒயர் போட்டவர் போய்விடுவார். ஆனால் ஒரு பேட்டரி மட்டும் நாள்தோறும் கூடுதலாக வடிகிறது. சார்ஜ் ஏற்றும்போது டைனமோ இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் அளவில்தான் பார்க்கும். வடிந்த பேட்டரி நிறையாமலே கிடக்க, மற்றது அளவுக்கு மேல் ஏறிக் கொதிக்கிறது. கடைசியில் இரண்டுமே வீண். தீ அழைப்பு வரும் நேரத்தில் செல்ஃப் எடுக்காத தீயணைப்பு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு கன்வெர்ட்டரை மிச்சம் பிடித்த கணக்கின் விலை அது.

ஃபியூஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது செட்டுக்கு மட்டும் காவல் என்று நினைத்து, செட்டுக்கு அருகில் ஒன்றை மாட்டிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். பேட்டரியிலிருந்து செட் வரை தகரத்தின் ஓட்டைகள் வழியாக உரசிக்கொண்டு வரும் ஒயரை யார் காப்பது? பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லாவிட்டால், ஒயர் உரசி பாடியைத் தொடுகிற நாளில் வண்டியே தீப்பற்றலாம்.

இதெல்லாம் ஏதோ பொறியியல் நுணுக்கம் என்று எவரும் தட்டிக்கழிக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது செல்போன்கள் செத்துப்போயின. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகையிலும் திருவாரூரிலும் தஞ்சையிலும் மின்கம்பங்களோடு தொலைத்தொடர்பும் சாய்ந்தது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் நீரில் மிதக்க, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயில் சிக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட நாளில் டவரையும் கரண்ட்டையும் நம்பாமல் வண்டிக்கு வண்டி பேசக்கூடியது பேட்டரியில் ஓடும் இந்த செட் ஒன்றுதான். அதை டேப் சுற்றிய முடிச்சில் தொங்கவிட்டிருப்பதற்கு மன்னிப்பே கிடையாது.

பணம் இல்லை என்ற பதிலையும் ஏற்க மாட்டோம். 12 வோல்ட் வண்டிக்குத் தேவையான ஆறு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஃபியூஸ் தாங்கி, அழுத்திப் பொருத்திய லக்குகள், மிகை வோல்ட்டேஜை விழுங்கும் டயோடு எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஜீப்புக்கு ஒரு முறை டேங்க் நிரப்பும் டீசல் விலைக்குள் அடங்கிவிடும். செட்டுக்குப் பல ஆயிரம் கொடுக்கிறவர்கள், மாட்டும் வேலையை ‘லோக்கலாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று நிலையத்தின் தலையில் கட்டுவதுதான் கோளாறின் வேர். பொருத்தும் வேலையும் கொள்முதல் ஒப்பந்தத்திலேயே சேர வேண்டும், அதன் தரத்துக்கு ஒரு பொறியாளர் கையெழுத்திட வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்குள் ஒவ்வொரு அவசர வாகனத்திலும் செட்டுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர் போடப்பட வேண்டும். எர்த் ஒயரை, பேட்டரியின் எர்த் வந்து சேரும் இடத்துக்கு அருகில், பெயின்ட் சுரண்டிய சுத்தமான தகரத்தில் இறுக்க வேண்டும். 24 வோல்ட் வண்டிகளில் நடு ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு கன்வெர்ட்டர் வைக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சைரனையும் விளக்கையும் போட்டு, மைக்கை அழுத்திய நிலையில் செட்டின் பின்பக்கம் மீட்டர் வைத்து அளந்த வோல்ட்டேஜை, அளந்தவர் பெயரோடு வண்டியின் லாக் புத்தகத்தில் மாதந்தோறும் எழுத வேண்டும். எரிந்த செட்டுக்காக ஓட்டுநர்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் கொடுத்த மெமோக்களை அந்தந்த வண்டியின் ஒயரிங்கைப் பிரித்துப் பார்த்து மறுவிசாரணை செய்ய வேண்டும். ஒயரிங்தான் காரணம் என்று தெரிந்த ஒவ்வொரு மெமோவையும் ரத்து செய்து, சம்பளத்தில் பிடித்த பணம் இருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.