கழற்றிவிட்டு உள்ளே வா

"பெண்ணியம் பேசிக்கொண்டே பர்தாவுக்கு வக்காலத்து வாங்குகிறாயே?" என்று என்னிடம் கேட்காத முற்போக்கு நண்பர்கள் குறைவு. கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள் என்பதை ஒரு தகவலாக மட்டும் சொல்லி வைக்கிறேன். நான் முக்காடு போடுகிறவள் அல்ல. போடச் சொல்லி யாராவது வந்தால் அவரோடும் சண்டை போடுவேன். அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன்: முக்காட்டோடு படிக்க வந்த பெண்ணை வாசலில் நிறுத்துகிற எவருக்கும் பெண் விடுதலை என்ற சொல்லை உச்சரிக்கும் அருகதை கிடையாது.

உடுப்பியில் நடந்ததை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். நம்முடைய மறதிதான் அரசாங்கங்களின் பெரிய பலம். 2021 டிசம்பர் கடைசியில் அங்குள்ள அரசு மகளிர் பி.யு. கல்லூரியில், அதாவது நம் ஊர்க் கணக்கில் பிளஸ் ஒன், பிளஸ் டூ, ஹிஜாப் அணிந்த ஆறு மாணவியர் வகுப்புக்குள் விடப்படவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். சில வாரங்களில் மற்ற கல்லூரிகளில் காவித் துண்டுகள் முளைத்தன. 2022 பிப்ரவரி 5 அன்று கர்நாடக அரசு ஓர் ஆணை போட்டது: சமத்துவத்தையும் ஒற்றுமையையும் பொது ஒழுங்கையும் குலைக்கும் உடைகள் கூடாதாம். மூன்று நாள் கழித்து மாண்டியாவில், ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வகுப்புக்கு நடந்த ஒற்றைப் பெண்ணைக் காவித் துண்டுக் கும்பல் ஒன்று கத்திக்கொண்டே பின்தொடர்ந்தது. நாமெல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். அங்கே பொது ஒழுங்கைக் குலைத்தது யார் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். உயர் நீதிமன்றமோ பிப்ரவரி 10 அன்று இடைக்கால உத்தரவில் காவித் துண்டையும் ஹிஜாபையும் ஒரே தட்டில் வைத்துத் தடுத்தது. தினமும் அணிகிற உடையும், அவளை விரட்டுவதற்கென்றே நேற்று வாங்கிய துண்டும் சமமாகிப்போயின.

அடுத்து வந்த காட்சிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அந்த உத்தரவு மாணவர்களுக்கு மட்டும்தான். ஆனால் மாண்டியாவில் ஒரு பள்ளி வாசலில் ஆசிரியைகளும் பர்தாவைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். எதிரே கேமராக்கள். பெண் ஒருத்தி தெருவில், எல்லோர் பார்வையிலும், தன் உடுப்பில் ஒன்றை அவிழ்க்க வைக்கப்படுகிறாள். அது என்ன துணி என்பதா இங்கே கேள்வி? இதற்குப் பெயர் என்னவென்று பெண்ணியம் படித்தவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா?

"சீருடை என்றால் சீருடைதானே?" என்பார்கள். சரி, சீருடையைப் பற்றியே பேசுவோம். அந்தப் பெண்கள் சீருடையை மறுக்கவில்லை. சீருடையை அணிந்து, அதே நிறத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொள்கிறோம் என்றுதான் கேட்டார்கள். நம் ஊரில் இலவசச் சீருடை கொடுத்தது கிழிந்த பாவாடையோடு வர வெட்கப்பட்ட பிள்ளையும் பள்ளிக்கு வரட்டும் என்பதற்காக. உள்ளே கொண்டுவருவதற்காகக் கண்டுபிடித்த துணியை வெளியே தள்ளுவதற்கு எடுத்தால் அது சீருடை அல்ல, காக்கிச் சட்டை. பொட்டும் திருநீறும் கையில் கட்டிய சிவப்புக் கயிறும் எந்த வகுப்பறையின் சமத்துவத்தையும் இதுவரை குலைத்ததாக ஆணை எதுவும் வந்து நான் பார்த்ததில்லை.

2022 மார்ச் 15 அன்று வந்த தீர்ப்பு, ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கம் இல்லை என்றது. (பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் முக்காட்டைத் தடுத்த சட்டத்தின் தேதியும் மார்ச் 15தான், 2004. தற்செயல்தான், ஆனால் எனக்கு மறக்கவில்லை.) இந்த "இன்றியமையாத வழக்கம்" என்கிற அளவுகோல் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1954இல் உச்ச நீதிமன்றம் சொன்ன சிரூர் மடத்து வழக்கிலிருந்து. அந்த மடம் இருப்பது இதே உடுப்பியில். தென் கன்னடம் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்ததால், எதிர்த்தரப்பில் நின்றது நம் அறநிலையத் துறை. மடாதிபதியின் உரிமையைக் காக்க அன்று பிறந்த கோட்பாடு, எழுபது வருடம் போவதற்குள் அதே ஊர்ப் பெண்பிள்ளையின் படிப்பைத் தடுக்கப் பயன்பட்டிருக்கிறது.

இந்த அளவுகோலே பெண்களுக்கு ஆகாது. எது மதத்துக்கு இன்றியமையாதது என்று கேட்டால் பதில் சொல்ல வருபவர் மௌலவியும் வக்கீலும் நீதிபதியும். ஏன் போடுகிறாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்க அங்கே இடமே இல்லை. 1986இல் கேரளத்து யெகோவா சாட்சிக் குழந்தைகள் மூவர் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்றதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் கேட்டது வேறு கேள்வி: அந்த நம்பிக்கை அவர்களுக்கு உண்மையானதா? ஆம் என்றதும் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. உடுப்பிப் பெண்களுக்கு அந்தக் கேள்வி ஏன் போதவில்லை?

தீர்ப்பில் அம்பேத்கரும் வருகிறார். பர்தா பெண்களை வீட்டுக்குள் முடக்குகிறது, வெளியுலகத்திலிருந்து துண்டிக்கிறது என்பது பாகிஸ்தான் பற்றிய நூலில் அவர் வைத்த விமர்சனம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அவர் கவலை முடக்கத்தைப் பற்றியது. அதை மேற்கோள் காட்டி, வெளியே வந்து, பேருந்து ஏறி, அறிவியல் படிக்க வந்த பெண்ணை மறுபடியும் வீட்டுக்கே அனுப்பிவைக்கிறார்கள்!

இப்போது நம் தோழிகளின் வாதத்துக்கு வருகிறேன். "அவள் தானாகவா போடுகிறாள்? அப்பனும் அண்ணனும் போட வைத்திருக்கிறார்கள்." இருக்கலாம். சில வீடுகளில் நிச்சயமாக அப்படித்தான். அப்படியானால் அந்த வீட்டிலிருந்து தப்பிக்க அவளுக்கு இருக்கிற ஒரே பேருந்து நிறுத்தம் கல்லூரிதானே? அதையும் மூடிவிட்டு அவளை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? அதே அப்பனிடமும் அண்ணனிடமும்தான். அவள் தானாகவே போடுகிறவளாக இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. எப்படிப் பார்த்தாலும் தடையால் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை.

"ஈரானைப் பார்" என்பார்கள். பார்க்கிறேன், முழுசாகவே பார்க்கிறேன். 1936இல் ரேசா ஷா முக்காட்டைத் தடை செய்தபோது போலீஸ் தெருவில் பெண்களின் தலையிலிருந்து துணியைப் பிடுங்கியது. வெளியே வருவதையே நிறுத்திக்கொண்ட பெண்கள் பலர். 1979 புரட்சிக்குப் பிறகு வந்தவர்கள் அதே பெண்களைக் கட்டாயமாக மூட வைத்தார்கள். 2022 செப்டம்பரில் மாஷா அமினி ஒழுக்கக் காவலர் பிடியில் சிக்கிச் செத்துப்போனபோது, அதே மாதம் நம் உச்ச நீதிமன்றத்தில் ஹிஜாப் வழக்கு நடந்துகொண்டிருந்தது. டெஹ்ரானில் முக்காட்டை எரித்தவளும் உடுப்பியில் முக்காட்டோடு படிக்கட்டில் உட்கார்ந்தவளும் கேட்டது ஒன்றையே: என் தலையிலிருந்து கையை எடு. முதலாமவளுக்குக் கவிதை எழுதிவிட்டு இரண்டாமவளுக்கு உபதேசம் செய்வது எனக்குப் புரியவில்லை. 1958இல் அல்ஜியர்ஸில் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகளின் மனைவிமார் மேடை போட்டு அல்ஜீரியப் பெண்களின் முக்காட்டைக் கழற்றினார்கள். அதே ராணுவம் அதே ஊரில் ஆட்களைச் சித்திரவதை செய்துகொண்டிருந்தது. விடுவிக்க வருகிறவர் யார், கூடவே இன்னும் என்ன செய்கிறார் என்று பார்க்கும் வழக்கம் நமக்கு வேண்டும்.

சமூகத்து அண்ணன்மாரே, நீங்கள் கைதட்ட வேண்டாம், உங்களுக்கும் இருக்கிறது. மாண்டியாப் பெண்ணை வீராங்கனை என்று மேடையில் கொண்டாடிய உங்களில் எத்தனை பேர், சொத்தில் பங்கு கேட்ட தங்கையோடு பேசுகிறீர்கள்? புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் அவருடைய தோழிகளும் பெண்களுக்கென ஜமாஅத் அமைத்து, தங்கள் தலாக்கையும் ஜீவனாம்சத்தையும் தாங்களே பேசுவோம் என்றபோது, பெண்ணின் தேர்வு, பெண்ணின் உரிமை என்கிற இதே சொற்கள் உங்கள் வாயில் வரவில்லையே! அந்தப் பெண்கள் அரசாங்கத்திடம் எங்கள் முக்காட்டைப் பிடுங்கு என்று கேட்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டது நியாயம் விசாரிக்கும் இடத்தில் ஒரு பாய்.

இதெல்லாம் கர்நாடகத்துச் சங்கதி என்று நாம் ஒதுங்கவும் முடியாது. 2022 பிப்ரவரி 19, உள்ளாட்சித் தேர்தல் நாள். மதுரை மேலூரில் ஹிஜாப் அணிந்து ஓட்டுப்போட வந்த பெண்ணைப் பார்த்து பா.ஜ.க. முகவர் ஆட்சேபம் கிளப்பினார். மற்ற கட்சி முகவர்கள் எதிர்த்தார்கள், அவர் வெளியே அனுப்பப்பட்டார். நல்ல காரியம்தான். அதற்குப் பிறகு "இது பெரியார் மண்" என்று நாம் மார்தட்டிக்கொண்டது கொஞ்சம் அதிகம். முக்காடு போட்ட பெண் வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் "ஆள் வந்தாச்சு" என்று சொல்கிற வாசல்கள் இந்த மண்ணில்தான் இருக்கின்றன.

2022 அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஹேமந்த் குப்தா தடை செல்லும் என்றார். சுதான்சு துலியா, பள்ளி வாசலில் ஒரு பெண்ணை ஹிஜாபைக் கழற்றச் சொல்வது அவளுடைய கண்ணியத்தின் மீதான அத்துமீறல் என்றார். இதனால் அவள் வாழ்க்கை மேம்படுகிறதா என்றும் கேட்டார். வழக்கைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். பெரிய அமர்வுகளுக்கு அவசரம் கிடையாது. பி.யு. படிப்போ இரண்டே வருடம். அந்த ஏப்ரலிலேயே, மனுதாரர்களான இரண்டு பெண்கள் ஹால் டிக்கெட்டோடு பொதுத் தேர்வுக்கு வந்து, அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போயிருந்தார்கள்.

ஆகவே நம் கோரிக்கை முக்காட்டின் தத்துவத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. இப்படி வாசலிலிருந்து திரும்பியவர்களையும், டி.சி. வாங்கிப் போனவர்களையும் ஒவ்வொரு கல்லூரியாகப் பெயர் எடுத்துத் தேட வேண்டும். தவறவிட்ட தேர்வை எழுத அவர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, வயது வரம்பு பார்க்கக் கூடாது, தலையில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கூடாது.