கண்ணாடிப் பெட்டிக்குள் முருகைக்கல்

முருகைக்கல் என்றதும் எமது முதியவர்களுக்கு நினைவுக்கு வருவது சுண்ணாம்புச் சூளைதான். நெடுந்தீவிலே அதை அடுக்கி வேலியாக்கினார்கள். யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்களிலும் அதுவே இருக்கிறது. வெற்றிலைக்குத் தடவியதும், வீட்டுச் சுவருக்கு வெள்ளை பூசியதும் பல இடங்களில் கடலுக்கடியிலிருந்து வந்த இந்தக் கல்லைச் சுட்டெடுத்த நீறுதான். அது கல்லல்ல, கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடியிருப்பு என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். படித்ததோடு சரி.

இப்போது அதே முருகைக்கல்லை உயிரோடு கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கும் ஆசை எம்மவரிடையேயும் பரவி வருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் எமது பிள்ளைகள் சிலர் வரவேற்பறையில் உவர்நீர்த் தொட்டி வைத்து, நீலவொளியில் பவளங்களை மினுங்கவிட்டுப் படமெடுத்து அனுப்புகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அண்மையில் இது தொடர்பாக இரு கேள்விகள் எனக்கு வந்தன. ஒன்று, ஊரிலிருந்து வரும்போது ஒரு சிறு துண்டு கொண்டுவர இயலுமா என்று வெளிநாட்டு உறவினர் ஒருவர் கேட்டது. மற்றையது, முல்லைத்தீவிலேயே இத்தகைய தொட்டி ஒன்றை வைக்கலாமா என்று அங்குள்ள இளைஞர் ஒருவர் கேட்டது. முதற்கேள்விக்கு விடை ஒரே சொல்லில் முடிந்துவிடும். இரண்டாவதற்கு முடியாது. அதனாலேயே இப்பத்தி.

முதலாவதை முடித்துவிடுவோம். கூடாது. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, கரையோர வலயத்தினுள் பவளத்தை அகழ்வதும் சேகரிப்பதும் மட்டுமன்றி, வைத்திருப்பதும் எரிப்பதும் கொண்டு செல்வதும்கூடக் குற்றமாக்கப்பட்டன. அவ்வலயம் கடலுக்குள் 2 கிலோமீற்றர் வரையும், தரைப்பக்கம் 300 மீற்றர் வரையும் நீள்கிறது. முல்லைத்தீவின் கரையோரக் குடியிருப்புகளில் எத்தனை வீடுகள் அந்த 300 மீற்றருக்குள் இருக்கின்றன என்பதை அவ்வூரவர் அறிவர். இதற்கு மேலாக வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கையில் கற்பவளங்கள் யாவும் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. ஆகவே பயணப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வைத்த துண்டு இங்கும் குற்றம், அங்கு இறங்கும்போதும் குற்றம். உயிரோடு போய்ச் சேராது என்பது வேறு விடயம்.

சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்த்தாலும் இது கட்டுபடியாகாது. மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளம் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் வளரக்கூடும். உருண்டு திரண்டு பாறைபோல் வளரும் இனங்களோ ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர்தான். மனிதத் தலையளவு உள்ள ஒன்றை ஒருவர் உளியால் பெயர்த்தால், அவர் பெயர்ப்பது ஒரு தலைமுறையின் காலத்தை. 1998இல் கடல் வெப்பமேறி இலங்கையின் ஆழமற்ற பவளத்திட்டுகளில் பெரும்பாலானவை வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பக்கம், புறாத்தீவை அண்டியவை பெரும்பாலும் தப்பின. 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2016இல் மீண்டும் வெப்பம் தாக்கியது. உலகளாவிய நான்காவது வெளிறல் நிகழ்கிறது என 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். எஞ்சியிருப்பதிலிருந்து அலங்காரத்துக்கு எடுப்பது, வரட்சியில் விதைநெல்லை அவித்து உண்பதற்கு ஒப்பாகும்.

தென்பகுதியின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். அம்பலாங்கொடை, ஹிக்கடுவைக் கரையில் நெடுங்காலம் சுண்ணாம்புக்காகப் பவளம் அகழப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, பவளத்திட்டு எஞ்சியிருந்த இடங்களைவிட அகழப்பட்டிருந்த இடங்களில் அழிவு கூடுதலாக இருந்ததென ஹரிந்திர பெர்னாண்டோவும் சகாக்களும் 2005இல் எழுதினர். புகைவண்டி அள்ளுண்ட பெரலிய அத்தகைய இடமே. முல்லைத்தீவின் நிலவமைப்பு வேறு. அங்கே திறந்த மணற்கரை. ஆகையால் அக்கணக்கை அப்படியே எமது ஊருக்குப் பொருத்துவது சரியாகாது. ஆனால் கடலுக்கடியில் கிடப்பது வெறுங்கல் என்று எண்ணுவோர் அதைப் படிப்பது நன்று.

இனி இளைஞரின் கேள்வி. தொட்டியை வைக்க விரும்புவோர் முதலில் நம்பும் பொய், சிறிய தொட்டி இலகு என்பது. உண்மை நேர்மாறானது. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு. 40 லீற்றர் தொட்டியில் 2 லீற்றர் ஆவியாகிவிட்டால் நீர்தான் போகும், உப்புப் போகாது. உவர்ப்பு 36.8 ஆக ஏறிவிடும். 1,000 லீற்றர் தொட்டியில் அதே 2 லீற்றர் போனால் ஒன்றும் தெரியாது. ஆவியான அளவை நன்னீரால் ஈடுசெய்ய வேண்டும். கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். அதற்குக் கிணற்று நீரும் ஆகாது. வன்னிக் கிணறுகளின் சுண்ணச்சத்தும், வயலிலிருந்து ஊறிவரும் பசளையும் அதில் இருக்கக்கூடும். வடித்த நீரோ, நுண்வடி செய்த நீரோதான் வேண்டும். மழைநீரும் ஆகும், கூரை துப்புரவாக இருந்தால்.

இன்னொரு மயக்கம் உப்பைப் பற்றியது. ஆனையிறவு உப்பு எமது பெருமைக்குரியது, கறிக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அதைக் கரைத்தால் கடல் ஆகாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணச்சத்தின் பெரும்பகுதி முன்னரே படிந்துவிடுகிறது, மக்னீசியம் கழிநீரோடு போய்விடுகிறது. எஞ்சுவது சோடியம் குளோரைட்டு. பவளமோ தன் எலும்புக்கூட்டைக் கட்டுவது கல்சியத்தைக் கொண்டு. லீற்றருக்கு 400 மில்லிகிராம் கல்சியமும், 1,300 அளவில் மக்னீசியமும் இல்லாத நீரில் அதை வைப்பது, சீமெந்து கொடாமல் மேசனை வீடு கட்டச் சொல்வதாகும்.

ஊட்டுவதைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். பவளத்தின் தசைக்குள் ஒருகலப் பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் உணவு ஆக்கி வீட்டுக்காரருக்கு வாடகை செலுத்துகின்றன. தெளிந்த ஆழமற்ற கடலில் பவளத்தின் சக்தித் தேவையில் 90 வீதம் வரை இவ்வாறே கிடைக்கிறது. இதைப் படித்துவிட்டு, விளக்கு இருந்தால் போதும், தீனி வேண்டாம் என்பார் ஒரு சாரார். பாசி தருவது பெரும்பாலும் மாப்பொருளும் கொழுப்பும். உடல் வளர்க்கும் புரதத்துக்கான நைதரசனையும் பொசுபரசையும் பவளம் பிடித்துத் தின்றே சேர்க்கிறது. இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிறு கைவிளக்கோடு பாருங்கள். பகலில் கல்லாக இருந்தது கை நீட்டிக்கொண்டிருக்கும். அதுவே சோறு போடும் நேரம். நீரோட்டப் பம்பியைக் கால் மணி நேரம் நிறுத்தி, இறால் குஞ்சு வளர்ப்போர் பயன்படுத்தும் ஆட்டீமியாவின் பொரித்த குஞ்சுகளை மெல்லிய குழாயினால் அதன் மேலே தூவ வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரு தடவை. ஒவ்வொரு வாயும் மூடிக்கொள்வதைக் கண்ணால் பார்க்கலாம். செம்மஞ்சள் நிறச் சூரியப் பவளம் மட்டும் விதிவிலக்கு. அதனுள் பாசியே இல்லை, வாய் வாயாக ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்துப்போகும். கடையில் அழகைக் கண்டு அதைத்தான் புதியவர் முதலில் வாங்குகிறார்.

மறுசாராரோ ஆசையில் அள்ளிக் கொட்டுவார்கள். தின்னாதது அழுகும், அமோனியாவாகும், நைத்திரேற்றாகும், இரு கிழமையில் பச்சைப் பாசி எல்லாவற்றையும் மூடும். சிறு தொட்டியில் ஒரு கரண்டித் தீனி கூடினாலே போதும். வாரத்துக்குப் பத்திலொரு பங்கு நீரை மாற்றும் பொறுமை இல்லாதவர் தங்கமீனோடு நிற்பது நல்லது.

இந்தக் கலை குளிர்நாட்டாரின் செல்வச் செழிப்பில் மட்டும் பிறந்ததென நினைக்க வேண்டாம். இந்தோனேசியாவின் யாகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், உயிர்ப்பாறைகளையும் கடல்நீரையும் காற்றுக் குமிழிகளையும் மட்டும் கொண்டு பவளங்களை வைத்திருந்ததைப் பற்றி 1961இல் எழுதினார். விலையுயர்ந்த வடிகட்டி எதுவும் அவரிடம் இல்லை. வெயிலும் கடலும் பக்கத்தில் இருந்தன. எமக்கும் அவை இருக்கின்றன. பின்னாளில் பேர்லினைச் சேர்ந்த டீட்ரிக் ஸ்டூபர் தம் தொட்டியில் வளர்ந்த கிளைப்பவளத்தை ஒடித்து ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் கைமாறுகிறது. முருங்கைத் தடியை வெட்டி ஊன்றுவது போலத்தான். வெளிநாட்டில் இருப்போர் இப்படித் தொட்டியில் பெருக்கிய துண்டுகளையே வாங்க வேண்டும். கடலிலிருந்து எடுத்தவற்றுக்கு மலிவு விலை இருந்தாலும் கேட்டு விசாரித்துத் தவிர்க்க வேண்டும். இந்தோனேசியா 2018இல் உயிர்ப்பவள ஏற்றுமதியை நிறுத்திப் பின்னர் மீண்டும் திறந்தது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக எல்லாச் சரக்கும் நல்ல சரக்கு ஆகிவிடாது.

முல்லைத்தீவில் தனி வீட்டில் சிறு தொட்டி வைப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். பவளத் தொட்டியின் வெப்பம் 25, 26 பாகையில் நிற்பது நலம். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் 40 லீற்றர் நீர் எவ்வளவு சூடாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குளிரூட்டி வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாடு இது. பம்பி நின்ற சில மணி நேரத்தில் சிறு தொட்டியில் உயிர்க்காற்று தீர்ந்துவிடும். மாரியில் நந்திக்கடல் வட்டுவாகல் வழியே கடலோடு கலக்கும் நாட்களில் கரைநீர் கலங்கி உவர்ப்பும் குறைந்துவிடுவதால், வாடைக்காற்று ஓயும்வரை நீர் அள்ளவும் முடியாது. இவ்வளவுக்கும் மேலாக, அவ்விளைஞர் பவளத்தை எங்கிருந்து பெறுவார்? சட்டப்படி வளர்த்த துண்டை வாங்க அங்கே கடை இல்லை. கடலில் ஒடிப்பது ஒன்றே வழியாகும். சுழியோடிகளிடம் காசு கொடுத்தால் இரண்டு நாளில் கொண்டு வந்து தருவார்கள். ஒருவர் வைத்தால் பத்துப் பேர் வைப்பார்கள்.

ஆனால் ஊருக்கு ஒரு தொட்டி வேண்டும் என்பேன். வீட்டுக்கு அல்ல, ஊருக்கு.

கள்ளப்பாட்டிலும் சிலாவத்தையிலும் அலம்பிலிலும் பிறந்து, அலைச்சத்தத்தில் உறங்கி எழும் பிள்ளைக்குக் கடலின் மேற்பரப்பு மட்டுமே தெரியும். போர்க்காலத்தில் கடலுக்குத் தடை, பாஸ் நடைமுறை, சூட்டுச் சத்தம். 2004இல் கடலே எழுந்து வந்து கொன்றது. 2009இல் அதே கரையில்தான் எல்லாம் முடிந்தது. இந்தக் கடலைப் பார்த்து ஒரு பிள்ளை அஞ்சவும் அழவும் காரணம் உண்டு. வியக்கக் காரணம் ஒன்றையேனும் நாம் கொடுத்திருக்கிறோமா? கடற்றொழிலாளர் பார் என்று அழைக்கும் திட்டுகளில் மீன் ஏன் கூடுகிறது, இழுவைமடி அடித்தளத்தை வழித்துச் சென்றால் ஏன் அடுத்த ஆண்டு வலை வெறுமையாகிறது, 2017இல் அடியிழுவை மடிக்கு இந்நாடு சட்டத்தால் தடை விதித்தது எதற்காக என்பவற்றை மேடையில் நின்று சொல்வதைவிட, இரவில் கை நீட்டும் ஒரு பவளத்தைக் காட்டுவது விரைவில் புரியவைக்கும். வெடி வைத்தும் வெளிச்சம் பாய்ச்சியும் மீன் பிடிப்பதை எதிர்க்கும் சங்கங்களுக்கு நாளை அப்பிள்ளைகளே பேசவும் எழுதவும் வேண்டியிருக்கும்.

வீடில்லாதவருக்கு வீடு வரவில்லை, காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 முதல் தாய்மார் தெருவோரம் இருக்கிறார்கள், இதற்குள் உமக்கு மீன் தொட்டியா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அத்தாய்மாரின் கோரிக்கையை ஒரு தொட்டி பின்தள்ளுமாயின் நானே அதை உடைக்கச் சொல்வேன். ஆனால் எமது மாவட்டத்துக்குத் துயரம் மட்டுமே உரித்து, அறிவும் அழகும் கொழும்புக்குரியவை என்ற ஏற்பாட்டை நாமே ஒப்புக்கொள்வதும் ஒருவகைத் தோல்வி.

செய்ய முடியாததல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் விஞ்ஞானம் கற்பிக்கப்படுகிறது. நாரா நிறுவனத்தில் பவளத்திட்டுகளை ஆண்டாண்டாக ஆராய்ந்த அனுபவம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2000களின் தொடக்கம் முதல் ஒடிந்த துண்டுகளைக் கடலில் மீள நட்டு வருகிறது. கரையோரப் பாடசாலை ஒன்றில் 1,000 லீற்றருக்குக் குறையாத தொட்டி, கூரையில் சூரியப் படலம், மாற்றுக்கு ஒரு மின்கலத் தொகுதி, பொறுப்பாக ஒரு விஞ்ஞான ஆசிரியர். பவளத்துக்கு, அலையில் தானாக ஒடிந்து மணலில் கிடக்கும் துண்டுகளை உரிய திணைக்களங்களின் எழுத்து மூல அனுமதியோடு மட்டும் எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் வளைவும் சிலையும் கட்ட அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி இதற்குப் போதும். வாயில் வளைவுகள் இனியும் வேண்டுமா என்பதைப் பிறிதொரு நாள் எழுதுகிறேன்.

இளைஞருக்கு நான் எழுதிய மறுமொழியில், முதல் ஆறு மாதம் பவளமில்லாத் தொட்டி ஒன்றை வைக்கச் சொன்னேன். கடல்நீரும் மணலும் மட்டும். தினமும் காலையும் மாலையும் வெப்பத்தையும் உவர்ப்பையும் ஒரு கொப்பியில் குறித்துவரச் சொன்னேன். அந்தக் கொப்பியை எடுத்துக்கொண்டுதான் பாடசாலை அதிபரைப் பார்க்கப் போக வேண்டும். வெறுங்கையோடு போனால் தேநீர் தந்து அனுப்பிவிடுவார்கள்.