நாடகத்துக்குப் பூட்டு

ஒரு நடிகரின் வாயை அடைக்க சர்க்கார் ஒரு சட்டமே செய்தது என்றால் இன்றைய இளந்தொழிலாளர்கள் நம்பமாட்டார்கள். நடந்தது. ஆண்டு 1954. நடிகர் எம்.ஆர். ராதா.

யார் இந்த ராதா? 1907ல் இதே சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர். தகப்பனார் பட்டாளத்துச் சிப்பாய். முதல் உலக யுத்தத்தில் மாண்டார். மகன் சிறுவனாகவே வீட்டை விட்டுப் போய் நாடகக் கம்பெனியில் சேர்ந்தான். சோறு உண்டு, அடி உண்டு, சம்பளம் முதலாளி மனம் வைத்தால் உண்டு என்பதுதான் அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனி. சிறு வயதிலேயே மில் வாசலில் நின்ற நம் தாத்தாக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இருந்திருக்காது.

1937ல் 'ராஜசேகரன்' படத்தில் நடித்தார். ஆனாலும் மேடைதான் அவர் களம். 'இழந்த காதல்', 'தூக்குமேடை', 'ரத்தக்கண்ணீர்' என்று ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். 'ரத்தக்கண்ணீர்' 1954ல் படமாகவும் வந்தது. சீமையிலிருந்து திரும்பிய பணக்காரத் திமிர் தொழுநோயில் அழுகி, தெருவில் நின்று ஊரைக் கேலி பேசுகிற அந்தக் கரகரத்த குரலுக்குத் தரை டிக்கெட்டுக்காரன்தான் முதலில் கைதட்டினான். (அதில் பெண்களைப் பற்றி வரும் பேச்சு பலவும் நமக்கு உடன்பாடில்லை. அது வேறு கணக்கு.)

அதே ஆண்டில் அவர் போட்ட ராமாயண நாடகம் வைதீகர்களைக் கொதிக்க வைத்தது. மறியல், தடை, கைது! கடைசியில் சென்னை ராஜ்ய நாடகச் சட்டம் வந்தது. 'ஆட்சேபகரமானது' என்று சர்க்காருக்குத் தோன்றினால் நாடகத்தைத் தடுக்கலாம். கதை வசனத்தைக் கொண்டுவா என்று கேட்கலாம். வெள்ளைக்காரன் 1876ல் வங்க நாடகங்களைக் கண்டு மிரண்டு போட்ட பூட்டு அது. அவுரித் தோட்டத்து உழவர் துயரை 'நீலதர்ப்பணம்' மேடையேற்றிய வங்கம் அல்லவா! அதே பூட்டைச் சுதந்திர சர்க்கார் புதிதாக வார்த்துக் கொண்டது.

ராதா நம் கட்சிக்காரர் அல்லர், பெரியாரின் தொண்டர். 1967 ஜனவரி 12ல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையிருந்தார். அதை நாம் மறைக்கவும் இல்லை, நியாயப்படுத்தவும் இல்லை. 1979ல் அவர் மறைந்தார். அவருக்காக வந்த சட்டம் மட்டும் சாகவில்லை. எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013ல்தான் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்றது.

சட்டம் போனது, சட்டத்தில் ஊறிய பழக்கம் அவ்வளவு சுலபமாகப் போகாது. சாஹிபாபாத்தில் தொழிலாளர் நடுவே வீதி நாடகம் போட்ட தோழர் சப்தர் ஹாஷ்மியை 1989 புத்தாண்டு அன்று தாக்கிக் கொன்றவர்கள் எந்தப் பிரிவையும் பார்த்துவிட்டு வரவில்லை.

கல்மண்டபத்தில் சங்கத்துப் பிள்ளைகள் பறையோடு இறங்கி, ஒப்பந்தத் தொழிலாளியின் கதையை அரை மணி நேரம் நடித்துக் காட்ட நினைக்கிறார்கள் என்று வையுங்கள். ரோட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி கேட்டு மனு கொடுக்கட்டும். "கதை என்ன, வசனம் எங்கே?" என்று எவராவது கேட்டால், 2013ம் வருஷத் தீர்ப்பின் நகலை எடுத்து மேஜைமேல் வைக்கட்டும்.