உளுந்து வேரில் இளஞ்சிவப்பு இருக்கிறதா?

காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன்பே, ஈரம் காயாத நெல் வயலில் உளுந்தைத் தூவிவிடுவார்கள். உரச்செலவு குறைவு. வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டிவிடும்.

ஆனால் நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில், மண் காயக் காய அடியிலுள்ள உப்பு மேலே வரும். வேர் தண்ணீர் உறிஞ்சத் திணறும். பாக்டீரியா நுழைகிற வேர்த்தூவிகள் குறையும், முடிச்சுகளும் குறையும். செடி பிழைத்தாலும் பட்டினிதான்.

கண்டுபிடிப்பது எப்படி? பூக்கும் சமயத்தில் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், இல்லை.

உடனே யூரியாவைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து அதிகமானால் முடிச்சு உருவாவது இன்னும் குறையும். முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். உவர் மண் என்றால் நல்ல தண்ணீர் பாய்ச்சி, உப்பைக் கரைத்து வடித்துவிட வேண்டும். ஜிப்சம் களர் மண்ணுக்கான மருந்து. வெறும் உவருக்கு அது செலவுதான். உளுந்துக்கு முந்தைய பருவத்தில், உப்பைத் தாங்கும் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதால் மண்ணும் தேறும்.