காட்டோரத்தில் ஒரு கிலோமீட்டர்

ஐப்பசி பிறந்தால் தேன்கனிக்கோட்டை வட்டாரத்து ராகிக் கொல்லைகளில் பரண் கட்டிவிடுவார்கள். பன்னேருகட்டா பக்கமிருந்து ஜவளகிரிக்குள் வரும் யானைகள் நொகனூர், ஊடேதுர்க்கம், சானமாவு என்று காடு மாறிக்கொண்டே போகும். கதிர் அறுத்து முடிக்கும்வரை விவசாயிக்கு ராத்தூக்கம் கிடையாது. பகலிலோ, கல்லும் ஜல்லியும் ஏற்றிய டிப்பர்கள். காட்டுக்கும் கல்குவாரிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பதை முடிவுசெய்தது சட்டப்பேரவையின் வாக்கெடுப்பு அல்ல, இரண்டு அரசாணைகள்.

2021 நவம்பர் 3-இல் வந்த முதல் அரசாணை, 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளில் 36-ஆவது விதியைத் திருத்தியது. தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், யானை வழித்தடம், காப்புக்காடு இவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரியோ கிரஷரோ கூடாது என்றது. 2022 டிசம்பர் 14-இல் வந்த அடுத்த அரசாணை, அந்தப் பட்டியலிலிருந்து ‘காப்புக்காடு’ என்பதை மட்டும் எடுத்துவிட்டது. 2014-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்கு அந்த இடைவெளி இன்றும் உண்டு. சரணாலயத்துக்கு வெளியே இருக்கும் சானமாவு போன்ற காப்புக்காடுகளுக்குப் பதின்மூன்றே மாதத்தில் அது பறிபோனது.

விதி இயற்றும் அதிகாரத்தை அரசிடம் கொடுத்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு பாறைக்கும் பேரவையைக் கூட்ட முடியாது. ஆனால் விதியின் வலிமையைக் குறைத்து எடைபோடவும் கூடாது. கறுப்பு கிரானைட் குத்தகை தனியாருக்குக் கிடையாது என்று 1977-இல் இதே விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு தொழிலின் போக்கையே மாற்றிய அந்தப் பிரிவை, ஹிந்த் ஸ்டோன் வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

இவ்வளவு வலிமைக்குக் கடிவாளம் எங்கே? இந்த விதிகளுக்குத் தாய்ச் சட்டமான, 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 28-ஆவது பிரிவைப் படித்தால் மனம் கொதிக்கிறது. மத்திய அரசின் விதிகள் நாடாளுமன்றத்தின் முன் 30 நாள் இருக்க வேண்டும். இரு அவைகளும் சேர்ந்து அவற்றைத் திருத்தலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒருவகை விதிக்கு அவைகள் ஒப்புதல் தந்த பிறகே உயிர் வரும். மாநில அரசின் விதிகளுக்கு வரும்போது, சட்டமன்றத்தின் முன் ‘வைக்கப்பட வேண்டும்’ என்பதோடு சரி. நாள் கணக்கு இல்லை. திருத்தும் உரிமையும் இல்லை. இப்படி வெறுமனே வைக்கச் சொல்லும் நிபந்தனையைப் பற்றி 1978-இல் அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் பிறந்த ஓர் ஆணையை அவையில் வைக்கத் தவறினாலும் அது செல்லாமல் போகாது என்றது.

டெல்லியில் தனக்கென்று எடுத்துக்கொண்ட உரிமையை நாடாளுமன்றம் மாநில சட்டமன்றங்களுக்குத் தரவில்லை. காட்டோரம் வாழ்கிறவரின் வாக்கு வாங்கிப் போன உறுப்பினர், தன் தொகுதியின் காட்டைத் தொடும் விதி மேசைக்கு வந்தால் அதைப் படிக்கலாம். கனிமங்கள் சட்டத்தின்படி அதற்குமேல் அவருக்கு ஒன்றும் இல்லை. குவாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் இங்கே உண்டு. இடைவெளியைக் குறைக்க அரசுக்குச் சரியான காரணம் இருந்திருக்கலாம். அந்தக் காரணத்தை உறுப்பினர்கள் வாக்களித்து ஏற்கவோ மறுக்கவோ வழி இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

28-ஆவது பிரிவை நாடாளுமன்றம் திருத்தி, சட்டமன்றங்களுக்கும் அதே 30 நாளையும் அதே உரிமையையும் தர வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. விதிகளை ஆராயப் பேரவையில் குழு இருக்கிறது. மக்களவையில் அப்படியொரு குழு 1953 முதல் இயங்குகிறது. காட்டோரம் பற்றிய திருத்தத்தின் வரைவைத் தமிழில் வெளியிட்டு, ஊராட்சிகளின் கருத்தைக் கேட்டு, குழுவின் அறிக்கை வந்த பின் அரசாணை போட அரசுக்கு எந்தச் சட்டமும் தடை சொல்லாது.

36-ஆவது விதியில் கைவைக்கும் அடுத்த அரசாணை மேசைக்கு வரும் நாளில், தளி, ஓசூர் தொகுதி உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் எழுந்து விவாதம் கேட்க வேண்டும்.