இஞ்சினின் முதுகில் ஒளித்த செயின்

சைக்கிள் செயின் கழன்றால் ஓரமாக நிறுத்தி மாட்டிக்கொள்கிறோம். கை கறையாவதோடு காரியம் முடிகிறது. மோட்டார் காரின் இஞ்சினுக்குள்ளும் செயின் ஓடுகிறது. ஓடுவது தேயும், தேய்ந்ததை மாற்ற வேண்டும். இதில் அதிசயமில்லை. ஆனால் அந்தச் செயினைத் தொடுவதற்கே இஞ்சின் முழுவதையும் வண்டியிலிருந்து கழற்றி இறக்க வேண்டும் என்றால், அதை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் யார், யாருடைய லாபத்திற்காக வைத்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியாது.

கிராங்க் ஷாப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஷாப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். வால்வுகள் திறப்பதும் மூடுவதும் அந்தக் கணக்கைப் பொறுத்தது. கணக்கைக் காப்பாற்றுவதுதான் டைமிங் செயின். ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பல்சக்கரக் கணக்கு தப்பினால் நூலின் கதி என்னவாகும் என்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் இங்கே நூல் அறுவதோடு போகாது. செயின் பல் தாண்டினால், மேலேறி வரும் பிஸ்டன் மூடாமல் நிற்கும் வால்வில் மோதும். வால்வு வளையும், சில சமயம் இஞ்சினே பாழாகும்.

2003-ல் விற்பனைக்கு வந்த ஆடி எஸ்4 காரை எடுத்துக்கொள்வோம். 4.2 லிட்டர், எட்டு சிலிண்டர். இதே கம்பெனியின் முந்தைய 4.2 லிட்டர் இஞ்சினில் முன்பக்கம் ஒரு பெல்ட் இருந்தது. மெக்கானிக் எதிரே நின்று மாற்றலாம். புதிய இஞ்சினில் பெல்ட்டை எடுத்துவிட்டு நான்கு செயின்களை வைத்தார்கள். எங்கே? பின்பக்கத்தில், கியர் பாக்ஸுக்கும் இஞ்சினுக்கும் நடுவில், கைகூட நுழையாத சந்தில்!

செயின் உரசி ஓடும் கட்டைகளின் மேற்பரப்பு பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடான எண்ணெயில் கிடந்து அது நொறுங்கும் தன்மை அடைகிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. காலையில் குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பியதும் சில விநாடி கடகடவென்று சத்தம் வந்தால், அதுதான் எச்சரிக்கை.

அப்புறம் நடக்கும் வேலையைப் பாருங்கள். வண்டியின் முன்முகத்தைக் கழற்ற வேண்டும். ரேடியேட்டர் நீரை வடிக்க வேண்டும். குளிர்சாதன வாயுவை முறைப்படி வெளியேற்ற வேண்டும். வயர்கள், புகைக்குழாய், அச்சுகள் எல்லாவற்றையும் பிரித்து, இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்தே வெளியே எடுக்க வேண்டும். பிறகு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து, பிளைவீலைக் கழற்றினால்தான் செயின் மூடி கண்ணுக்கே தெரியும். கிராங்க்கையும் கேமையும் அதற்கென்று செய்த தனிக் கருவிகளால் பூட்டி நிறுத்தி, செயின், கட்டை, டென்ஷனர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் சரியாக நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் திரும்பக் கோக்க வேண்டும். நாட்கணக்கான வேலை. ஒரு பல் தவறினால் முதலிலிருந்து ஆரம்பம்!

கம்பெனிக்காரர்களிடமும் நியாயம் உண்டு. பெல்ட்டை விடச் செயின் அதிக காலம் உழைக்கும். பின்னால் வைத்தால் இஞ்சினின் நீளம் குறையும், சிறிய காரில் பெரிய இஞ்சின் நுழையும். இதை மறுக்கவில்லை. ஆனால் 'வாழ்நாள் முழுவதும் மாற்றத் தேவையில்லை' என்கிறார்களே, யாருடைய வாழ்நாள்? காரை முதலில் வாங்குகிற தனவந்தர் மூன்று நான்கு ஆண்டில் கைமாற்றிவிடுகிறார். காரண்டியும் முடிகிறது. சத்தம் கேட்கும்போது சக்கரத்தைப் பிடித்திருப்பவர் மூன்றாவது நான்காவது சொந்தக்காரர். காரின் விலையை விட ரிப்பேர் பில் அதிகம் என்று கேட்டு, அந்த வண்டியை உதிரிச் சாமானுக்கு விற்கிறார். ஓடக்கூடிய இரும்பு குப்பைக்குப் போகிறது.

இது ஒரு கம்பெனியின் விபரீத புத்தி என்று நினைக்க வேண்டாம். பி.எம்.டபிள்யூ. 2007-ல் கொண்டுவந்த என்47 டீசல் இஞ்சினிலும் செயின் பின்னால்தான். ஆரம்ப கால இஞ்சின்களில் செயின் அறுந்த புகார்கள் ஐரோப்பாவெங்கும் எழுந்தன. 2014-ல் வந்த பி47-ல் செயின் அமைப்பைத் திருத்தினார்கள். இடத்தை மட்டும் மாற்றவில்லை.

இதில் தொழிலாளிக்கு என்ன என்று கேட்கலாம். அமெரிக்கப் பட்டறைகள் பலவற்றில் மெக்கானிக்குக் கூலி கடிகார நேரத்துக்கு அல்ல, புத்தகத்தில் அச்சிட்ட நேரத்துக்குத்தான். துருப்பிடித்த போல்ட் ஒன்று அரை நாளைத் தின்றாலும் கூலி ஏறாது. காரண்டி வேலைக்கு அந்த நேரமும் குறைவு. பீஸ் ரேட்டில் வேலை செய்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. வரைபட மேஜையில் மிச்சப்படுத்திய சில அங்குலத்துக்கு, வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடப்பவனுடைய தோளும் முதுகும் விலை கொடுக்கின்றன.

நம் நாட்டிலும் இந்தக் கதையின் ஒரு கிளை உண்டு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றம். கம்பெனிகள் மேல்முறையீட்டுக்கு ஓடின. செயினைப் பூட்டி நிறுத்தும் அந்தத் தனிக் கருவி இல்லாமல் தெருமுனைப் பட்டறைக்காரர் என்ன செய்வார்?

காரை விற்கும்போது மைலேஜ் எவ்வளவு என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்கிறார்கள். செயின் மாற்ற எத்தனை மணி நேரக் கூலி, இஞ்சினை இறக்க வேண்டுமா வேண்டாமா என்பதையும் அதே எழுத்தில் போடச் சட்டம் வேண்டும். அந்தக் கருவியும் குறிப்பேடும் எந்தப் பட்டறைக்கும் நியாய விலைக்குக் கிடைக்க வேண்டும். அதுவரை, இத்தகைய வண்டி ஓட்டும் டிரைவர் தோழர்கள், கம்பெனி சொல்லும் நீண்ட கெடுவை நம்பாமல் எண்ணெயை முன்கூட்டியே மாற்றி வையுங்கள். காலைச் சத்தத்தை முதலாளியிடம் வாயால் சொல்வதோடு விடாமல், எழுத்தில் கொடுத்து ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.