கம்ப்யூட்டர் முனகினால் காது கொடுங்கள்!

எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சத்தத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை. பொழுது விடிந்தால் தறிச் சத்தம்தான். அது கொஞ்சம் மாறினாலும் போதும், "நாடா சரியா ஓடலை, பாரு" என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார் என் மாமியார்.

அப்பேர்ப்பட்ட வீட்டையே ஒரு முனகல் படாதபாடு படுத்திவிட்டது. மகள் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடும் கம்ப்யூட்டரில், பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓயாத ரீங்காரம்.

"ஸ்பீக்கர் போச்சும்மா, புதுசு வாங்கிடலாம்" என்றாள் மகள். காசு என்ன மரத்திலா காய்க்கிறது?

சத்தத்தை வைத்தே பாதி நோயைக் கண்டுபிடிக்கலாம், சகோதரிகளே. 'உஸ்ஸ்' என்றால் ஸ்பீக்கரை அளவுக்கு மீறிக் கூட்டியிருப்போம். 'டிக டிக' என்றால் பக்கத்தில் செல்போன் இருக்கும்; தள்ளி வையுங்கள். பெட்டிக்குள்ளிருந்தே 'கொர்ர்' என்றால் ஃபேனில் தூசி. அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்றால் அது பெரும்பாலும் மின்சாரத்தின் குரல். நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறதல்லவா, அந்த அதிர்வு ஒயரில் நுழைந்துவிடுகிறது.

ஸ்பீக்கர் பக்கம் ஒயரை உருவினேன், முனகல் நின்றது. ஆக, ஸ்பீக்கர் மேல் பழியில்லை. திரும்பச் செருகும்போது பெட்டியின் தகரத்தில் கை பட்டது. சுருக்கென்றது!

"தொடாதேம்மா! முதல்ல சுவிட்சை நிறுத்து" என்று பதறினார் மாமியார்.

எலெக்ட்ரீஷியன் வந்து பிளக் பாயிண்டைக் கழற்றினார். மூன்று ஓட்டை இருந்தது. பெரிய ஓட்டைக்கு ஒயரே இல்லை! கசியும் மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கும் எர்த் வழி அதுதான். அது இல்லாததால் கசிவு பெட்டியிலேயே தங்கி, ஸ்பீக்கரில் முனகியிருக்கிறது. ஈரக்கையோடு மகள் தினம் தொடும் பெட்டி! நினைத்தாலே குலை நடுங்கியது. எர்த் கொடுத்ததும் முனகலும் போயிற்று, ஷாக்கும் போயிற்று.

நினைவில் வையுங்கள்: சத்தம் நிற்கிறதே என்று பிளக்கின் பெரிய பின்னை ஒருபோதும் வெட்டாதீர்கள். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே போர்டில் செருகுங்கள். ஷாக் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காதீர்கள். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

"தறியோ பெட்டியோ, சத்தம் மாறினா ஏதோ சொல்லுதுன்னு அர்த்தம்" என்கிறார் மாமியார். உண்மைதானே!